இரண்டாவது குழியில் காணாமல் போன கொடி

12 மே 1974, ஞாயிறு. எசன், மேற்கு ஜெர்மனி

கோல்ஃப் என்றால் பணக்காரர்கள் ஆட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி, யார் வேண்டுமானாலும் ஆடக்கூடிய ஒன்பது குழி மைதானம் ஒன்று இருக்கிறது, சினிமா டிக்கெட் விலைதான், மட்டைகூட வாடகைக்குக் கிடைக்கும் என்று சேஷாத்ரி மூன்று வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் என்னோடு தமிழ் பேச இருக்கும் ஒரே ஆள் அவர். இன்று போனோம். புடவையில் மட்டை வீச முடியாது என்று ஹாஸ்டல் தோழியின் கால்சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

முதல் குழியில் பந்தைவிட மண்ணைத்தான் அதிகம் அடித்தேன். பின்னால் வந்த ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள் இருவர் கைதட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டாவது குழி. பந்து குழியில் நட்டிருந்த கொடிக்குக் கிட்டே வந்துவிட்டது. சேஷாத்ரி, "குந்திண்டு ஒரு கண்ணை மூடிண்டு பாருங்கோ சந்திரா, லைன் கிளியரா தெரியும்" என்றார். இடது கண்ணை மூடினேன்.

கொடி இல்லை. கம்பு மட்டும் நின்றது. அதன் தலையில் சாம்பல் நிறத்தில் ஏதோ கசங்கல்.

இடது கண்ணைத் திறந்தேன். சிவப்புக் கொடி படபடத்தது. மூடினேன். இல்லை. திரும்பி சேஷாத்ரியைப் பார்த்தேன். காது இருந்தது, தலைமுடி இருந்தது. மூக்கும் வாயும் இல்லை.

"என்ன ஆச்சு?"

"தூசி."

மீதி ஏழு குழியும் ஆடினேன். சிரித்தேன்கூட.

13 மே

ஆய்வகத்துக்குப் போகவில்லை. வலது கண்ணால் பார்த்தால் கடிகாரத்தில் முள் எங்கே சேர்கிறதோ அந்த இடம் இல்லை.

14 மே

போன வியாழக்கிழமை நடந்ததுதான். வேறு எப்போது?

லேசரை நேராக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. பச்சைப் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் திருகாணி எதுவும் தெரியாது; அதனால் எல்லோரையும்போல நானும் கழற்றி வைத்திருந்தேன். குனிந்தபோது தலைக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். வெள்ளையாக ஒரு மின்னல். விளக்கு ஏதோ பழுது என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா?

பேராசிரியர் லிண்ட்னர் முதல் நாளே சொன்னார்: "கண்ணாடியைக் கழற்றுகிறவர்களுக்கு என் ஆய்வகத்தில் இடம் கிடையாது." இடம் போனால் ஸ்காலர்ஷிப் போகும். அது போனால் திருச்சி. அப்பா ஒன்றும் கேட்க மாட்டார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த மிஷின் படிப்பு" என்ற பெரியப்பாதான் முதல் ஆளாக வந்து நிற்பார்.

16 மே

டாக்டரிடம் போகவில்லை. போனால் ஆய்வகத்துக்கு எழுதி அனுப்புவார்கள். இடது கண்ணும் மங்குகிறதோ? பஸ் எண்ணைப் படிக்கிறேன், கடைப் பலகையைப் படிக்கிறேன், சாப்பிடும்போது கரண்டியைப் பார்க்கிறேன். இருக்கா? இருக்கு. இன்னும் இருக்கா? பயமா இருக்கு. யார்கிட்டச் சொல்றது?

18 மே, சனி

இன்று சேஷாத்ரி உற்சாகமாக வந்து சொன்னார்: "திங்கள்லேர்ந்து உங்க லேசர் அலைன்மென்ட்டை நான் பாத்துக்கறேன். நீங்க ரிப்போர்ட் எழுதுங்கோ. புரொஃபசரே சொல்லிட்டார்."

"சரி" என்றேன்.

சரின்னு சொல்லிட்டேன். எந்த இடத்திலிருந்து அந்தக் கதிர் தெறித்தது என்றே எனக்குத் தெரியாது. அது அங்கேயேதான் இருக்கும். அவர் அதே லேசர் மேஜையில் அதே மாதிரி குனிவார். கடவுளே, சரின்னா சொன்னேன்!

19 மே, ஞாயிறு

வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுபடி அதே மைதானம். நல்ல வெயில். அவர் பந்துக்குப் பின்னால் குந்தி ஒரு கண்ணை மூடினார். அந்த மூடாத கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி போடாத, பழுப்பான, நல்ல கண்.

"சேஷாத்ரி, நாளைக்கு அந்த மேஜைகிட்டப் போகாதீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். மட்டையைக் கீழே போட்டார். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் முகம் வெளுத்துப்போனது.

"நேத்திக்கு ஏன் சொல்லலை? நான் தலையைக் கொண்டு வெக்கப் போறேன்னு தெரிஞ்சும் சரின்னியே! உனக்கு என்ன பைத்தியமா?"

நீங்க போய் நீ ஆகிவிட்டது. நான் அழுதேன். அவர் சட்டென்று தன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கொடியைப் பார்த்தார். பிறகு வலது கண்ணைப் பொத்தினார். மறுபடி இடது. போன வாரம் தானும் அந்த மேஜைப் பக்கம் போனாராம்.

"தெரியறது" என்றார். "ரெண்டுலயும் தெரியறது." அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் அந்தச் சுரங்கக் கிழவர்கள் "ஆடுங்கப்பா!" என்று கத்தினார்கள். கையசைத்து அவர்களை முன்னால் போகவிட்டோம்.

20 மே

காலையில் இயந்திரத்தைப் போடுவதற்கு முன்பே பேராசிரியரிடம் சொன்னேன். வார்த்தை தடுமாறியது, சேஷாத்ரி கூட நின்றார். லிண்ட்னர் என்னைத் திட்டவில்லை. அறையில் இருந்த எல்லோரையும் பார்த்து, "வேறு யார் யார் கண்ணாடியைக் கழற்றுகிறீர்கள்?" என்றார். முதலில் சேஷாத்ரி கை தூக்கினார். பிறகு டெக்னிஷியன். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும்.

லிண்ட்னர் லேசர் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைத் தன் காரிலேயே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் நான் மனசுக்குள் பெட்டி கட்டி, விமானம் ஏறி, திருச்சி ஜங்ஷனில் இறங்கிவிட்டேன்.

22 மே

விழித்திரையில் தீப்புண். ஆறும், ஆனால் போன பார்வை திரும்ப வராது. இடது கண்ணில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று டாக்டரை இரண்டு முறை சொல்லச் சொன்னேன்.

30 ஜூன்

மேஜையைச் சுற்றி மூடி கட்டிவிட்டார்கள். கதிரைத் தெறிக்கவிட்ட குற்றவாளி ஒரு பளபளப்பான திருகாணி. ஸ்காலர்ஷிப்பை நீட்டிக்கச் சொல்லி லிண்ட்னரே எழுதியிருக்கிறார். அப்பாவுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பயம் போய்விட்டதா? அந்த அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே பச்சைக் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

மைதானத்தில் நல்ல காற்று. ஒன்பது குழியும் ஆடினோம். படுதோல்வி எனக்குத்தான். சேஷாத்ரி இப்போதும் நீ என்றுதான் கூப்பிடுகிறார். மாற்றச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

ஒரு குழியிலிருந்து அடுத்ததற்கு நடக்கும்போது அவர் எப்போதும் சுற்றிக்கொண்டு வந்து என் வலது பக்கமாகவே நடக்கிறார். கல், பள்ளம் என்று முன்கூட்டியே சொல்கிறார். போனது நடுப் புள்ளி மட்டும்தான், பக்கப் பார்வை முழுசாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியாது.

நான் சொல்லவில்லை.