பச்சைப் பொத்தான்

அன்பு அப்பா,

நேற்று அம்மாவின் ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். தீரவில்லை.

நீங்கள் க்தான்ஸ்க் நகரத்திலிருந்து என்னை அழைத்தபோது அம்மா சமையலறையில் பியரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“அம்மா ஃபோன்ல பேங்க் ஆப்புக்குள்ள பிளிக்கைத் திற கண்ணு. ஆறு இலக்கம் வரும், எனக்கு வாசி. ரெண்டு நிமிஷம்தான் செல்லும். தம்பி இக்னாசியோட புதுநன்மைக்குள்ள பிட்காயின் ரெட்டிப்பாயிடும், அம்மா அசந்துபோவா பாரு” என்றீர்கள்.

வாசித்தேன். உடனே அம்மாவின் திரையில் கேள்வி வந்தது: கிரிப்டோ வாங்க நாலாயிரம் ஸ்வாட்டி, சம்மதமா? தம்பியின் புதுநன்மை விருந்துக்காக அம்மா சேர்த்திருந்த பணம் மொத்தமே அவ்வளவுதான்.

“அமுக்கு, அமுக்கு! தூங்கிட்டியா?” என்று கத்தினீர்கள்.

“யாருடி ஃபோன்ல?” என்றாள் அம்மா.

“இயற்பியல் பாடம்மா.”

“உங்கப்பா கணக்கா புளுகாம வந்து மாவைத் தேய்.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி ஒன்பதையும் எண்ணினேன். கேள்வி தானாக மறைந்தது.

நம் கார் நின்ற இடத்தில் இப்போது பக்கத்து வீட்டாரின் சைக்கிள்கள் நிற்கின்றன. அந்தக் காரை விற்று நீங்கள் கிரிப்டோவில் போட்ட பணத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

இன்று காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போய், நாலாயிரத்தையும் விருந்துக்காக உணவகத்தில் கட்டிவிட்டு வந்தாள்.

உங்கள் நாற்காலிக்கும் சேர்த்துத்தான் அப்பா.

இனி உங்களுக்காகப் பொய் சொல்லாத,
உங்கள் மகள்