ரெண்டு வயர், ரெண்டு வயி

திங்கள், ஆடி 5

காற்றென்றால் காற்று. விழுப்புரத்தில் ரயில் ஏறினதிலிருந்து முண்டியம்பாக்கம் தாண்டும்வரை ஜன்னல் வழியாக வாயில் மண். திண்டிவனத்தில் இறங்கி, வாய் கொப்பளித்து, வேலை.

வேலை: காலேஜில் ஆன்லைன் பரீட்சை ஹால். மொத்தம் 320 பெட்டி. 296 மாட்டியாச்சு. பெட்டி என்றால் டிபன் பாக்ஸ் மூடி அளவுதான். திரைக்குப் பின்னால், குட்டிக் குரங்கு மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

உள்ளே ஒன்றும் இல்லையாம். நஸ்ரின் சொன்னாள். இந்த நெட்வொர்க் முழுக்க வரைந்த இன்ஜினியர் அவள்தான். கோட்டக்குப்பத்துப் பெண், என் வயதில் பாதி. நினைப்பு, கணக்கு எல்லாம் சர்வரில். பெட்டி வெறுமனே காட்டும், கேட்கும்.

"அப்ப நானேதான்னு சொல்லு. மூளை வூட்ல என் சம்சாரம் வள்ளிகிட்ட இருக்குது."

"ரெண்டாவது சர்வர் எங்கனா வெச்சிருக்கீங்களா ஏழுமலண்ணே?"

"ஜல்தியா வாயை மூடும்மா. சாயங்காலம் நானு வூட்டுக்குப் போவணும்."

இங்கே சர்வர் இரண்டு. ஒன்று முன்கட்டடம், ஒன்று பின்கட்டடம். முன்னது படுத்தால் பின்னது அந்த நொடியே எடுத்துக்கொள்ளும். எழுதுகிற பிள்ளைக்குத் தெரியவே கூடாது. இதற்குப் பெயர் ஃபெயில் ஓவர். அப்படியே சீட்டு எழுதி நஸ்ரின் ஒட்டினாள். தாளாளர் வந்து பார்த்துக் கிழித்தார்.

"பரீட்சை எழுதற எடத்துல ஃபெயிலுன்னு எழுதி ஒட்டுவாங்களாம்மா?"

நான் வேறு சீட்டு எழுதினேன். முன்னது மாப்பிள்ளை. பின்னது தோழன். தோழனுக்கு எந்த ழ என்று சந்தேகம். மூன்றையும் நினைத்துப் பார்த்து ஒன்றைப் போட்டேன். தாளாளர் கிழிக்கவில்லை. என் எழுத்து கோழி கிளறினது மாதிரி. படிக்க முடியவில்லையோ என்னவோ.

செவ்வாய், ஆடி 6

அதே காற்று. பாக்கி 24 பெட்டியும் முடிந்தது.

211க்கு மட்டும் உயிர் இல்லை. வயர் முனையில் கிளிப் சரியாக அடிக்கவில்லை. அடித்தது நான். பழி பச்சையம்மா மேல். ஏணி, துளை போடுகிற மெஷின் இரண்டும் அவள் பொறுப்பு. நாக்கு மெஷினைவிடக் கூர்.

"எம்மேல போடறதுன்னா பேரையும் மாத்திக்கினு போடுய்யா. கிளிப்புல உன் பல்லுத் தடம் இருக்குது."

ஏணிக்கு ரப்பர் கால் தேய்ந்துவிட்டது. வாங்கணும்.

மத்தியானம் தாளாளர் ஒரு குண்டு போட்டார். வெள்ளிக்கிழமை சோதனை. நர்சிங் பிள்ளைகள் 320 பேரும் உட்கார்ந்து மாதிரிப் பரீட்சை எழுதுவார்கள்.

"நடுவுல நானு எதையாச்சும் ஒண்ணைப் புடுங்குவேன். எதைன்னு சொல்ல மாட்டேன். ஒரே ஒரு புள்ள கைய தூக்கினாலும் விழுப்புரம் ஹாலு உங்களுக்குக் கெடையாது."

விழுப்புரம் ஹால் இன்னொரு 320. அதே வரைபடம். நஸ்ரின் தனியாக வரைந்த முதல் வேலை இது. ஊத்திக்கொண்டால் பழையபடி மற்றவர்கள் வரைந்ததைத் திருத்திக்கொண்டு கிடக்கணும். எனக்கும் அந்த ஹால் வேணும். விழுப்புரம் ஹால் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மத்தியானம் சுடுசோறு! ரயில் மண் கிடையாது.

நஸ்ரின் நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அதை ஏம்மா துன்னுக்கினு இருக்க? கேண்டீன்ல போண்டா இருக்குது."

சிரித்தாள். போண்டாவும் தின்றாள். இரண்டு.

புதன், ஆடி 7

பகல் முழுக்க நல்ல நாள். மூன்று மணிவரை.

டீ குடிக்கும்போது நஸ்ரின் கேட்டாள், ஏன் மாப்பிள்ளை, தோழன் என்று பெயர் என. என் கல்யாணக் கதையைச் சொன்னேன். வள்ளி கல்யாணத்துக்கு நான் சீரியல் பல்பு கட்டப் போனவன். அவளுக்கு மாமன் மகன் முறை, அவ்வளவுதான். முகூர்த்தத்தன்று காலையில் வானூர் மாப்பிள்ளையைக் காணோம். ராத்திரியே பெங்களூர் பஸ் ஏறிவிட்டானாம். பெண்ணின் அப்பா பந்தலில் நாலு பக்கமும் பார்த்தார். அப்புறம் மேலே பார்த்தார்.

"ஏழுமல, எறங்குடா கீய."

இறங்கினேன். கையில் டேப். அதை வாங்கிக்கொண்டு தாலியைக் கொடுத்தார்கள். அதே முகூர்த்தம், அதே மேளம். கடைசிப் பந்தியில் இருந்தவனுக்கு மாப்பிள்ளை மாறினதே தெரியாது.

நஸ்ரினுக்குப் புரை ஏறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இதாண்ணே ஃபெயில் ஓவரு! நல்லவேளை நீங்களும் அந்தாளும் ஒரே வண்டில வரல. அந்த வண்டி படுத்துருந்தா ரெண்டு பேருமே இல்ல. அதுக்குத்தான் உங்ககிட்ட ரெண்டு வயி, ரெண்டு வயின்னு அடிச்சிக்கினேன்."

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பாதியில் நின்றுவிட்டது.

வயி. வழி.

போன மாதம் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் பஸ் ஹாரன், இந்தப் பக்கம் துளை மெஷின். நம் ஊர் வாயில் வழி எப்போதும் வயிதான், நானும் அப்படித்தான் பேசுவேன். எனக்குக் கேட்டது ரெண்டு வயர். சரி என்று மாப்பிள்ளைக்குச் சிவப்பு, தோழனுக்கு நீலம், ஹாலிலிருந்து இரண்டு வயர் இழுத்தேன். காலேஜை ஒட்டின கோயில் சுவரோரம் மண்ணுக்குள் ஒரே குழாய், அதில் இரண்டும். முன்கட்டடத்தில் சிவப்பு இறங்கிக்கொள்ளும், நீலம் பின்கட்டடம்வரை போகும். அழகாக இருக்கிறது என்று போட்டோ வேறு எடுத்து வைத்தேன். வரைபடத்தில் கோடு இரண்டு பக்கமாகப் போனது. நிறம்தான் பார்த்தேன். மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

அந்தக் குழாய்க்கு ஒன்று ஆனால் மாப்பிள்ளையும் இல்லை, தோழனும் இல்லை. 320 பிள்ளைகளும் பந்தலில்.

தாளாளர் சர்வர் பிளக்கைத்தான் பிடுங்குவார். குழாயைத் தோண்டவா போகிறார். வெள்ளிக்கிழமை ஒருத்தருக்கும் தெரியாது.

வீட்டில் வள்ளி: "இன்னா மாமா, வந்ததுலேருந்து ஒருத்தரையும் கிண்டல் பண்ணல. ஒடம்பு சரியில்லையா?"

வியாழன், ஆடி 8

காலையிலேயே நஸ்ரினிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வயரும் ஒரே குழாய் என்று. வயி, வயர் என்று. அவள் வரைபடத்தை எடுத்து விரித்தாள்.

"சொல்லாம இருந்தா நாளைக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காதே ண்ணே."

"தெரியாதுதான். நெசப் பரீட்சை அன்னைக்குத் தெரியும்."

"மாத்த எத்தினி மணி நேரம் ஆவும்?"

"ஒரு நாளு."

"ஏணி எங்க?"

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நீலத்தை மட்டும் குழாயிலிருந்து உருவி, மொட்டைமாடி வழியாகப் பின்கட்டடத்துக்கு. மாடியில் ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. நஸ்ரின் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வயர்ச் சுருளைப் பிடித்து நின்றாள். பச்சையம்மா துளை போட்டுக்கொண்டே:

"ஒரே வேலைய ரெண்டு வாட்டி செய்றதுக்குப் பேருதான் ஃபெயில் ஓவராய்யா?"

அடுத்த துளைக்கு இடம் காட்டினேன். இந்த ஒரு வாரம் கிண்டல் அவள் முறை.

அஞ்சரைக்கு முடிந்தது. மாடியில் மாட்டின இணைப்புப் பெட்டியில் நீல விளக்கு சிமிட்டினது. நஸ்ரின் என்னைப் பார்த்து, "ழி" என்றாள். "வ-ழி. நாக்கை மடிங்க ண்ணே." மடித்தேன். சுளுக்கிக்கொண்டது.

ரப்பர் கால் இன்னும் வாங்கவில்லை.

வெள்ளி, ஆடி 9

நடந்தது நடந்தபடி.

பத்து மணிக்குப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். 320 திரை. மௌஸ் சத்தம் மட்டும், ஓட்டு வீட்டில் தூறல் மாதிரி. தாளாளர் வராந்தாவில் நாற்காலி போட்டு டீ. அவசரமே இல்லை மனுஷனுக்கு. நஸ்ரினுக்குக் கடிக்க நகம் பாக்கி இல்லை.

பத்து நாற்பது. எல்லாத் திரையும் ஒரே சமயம் ஒரு சிமிட்டு. கண் இமைக்கிற நேரம். ஒரு பிள்ளை மூக்கைச் சொறிந்தாள். அவ்வளவுதான். கை ஒன்றும் மேலே வரவில்லை. தூறல் நிற்கவில்லை.

நஸ்ரின் வராந்தாவுக்கு ஓடினாள். "சார்! தோழன் எடுத்துக்கிச்சு சார்! எதைப் புடுங்கினீங்க?"

தாளாளர் கிளாஸைப் பிடித்தபடி, "நானு இன்னும் டீயே குடிச்சு முடிக்கலையேம்மா."

வெளியே போய்ப் பார்த்தோம். கோயில் சுவருக்கு இந்தப் பக்கம்தான் வருஷா வருஷம் ஆடி வெள்ளிக்குக் கூழ்ப் பந்தல் போடுவார்களாம். பந்தல் காலுக்குக் குழி. குழிக்குள் ஒரு ஆள், கையில் கடப்பாரை, காலடியில் என் குழாய் இரண்டு துண்டாக. சிவப்பு வயர் நாக்கு மாதிரி வெளியே.

"ஏம்பா," என்றான் என்னைப் பார்த்து, "இது கேபிள் டிவியா? சீரியல் போயிடுச்சா?"

நேற்றுக் காலைவரை நீலமும் அதற்குள்தான்.

தாளாளர் குனிந்து பார்த்தார். "மாப்பிள்ளை வயரு அறுந்துபோச்சு. தோழன் வயரு எங்க?"

நஸ்ரின் கையை மேலே காட்டினாள். மொட்டைமாடி. "ரெண்டு வழி சார்." ழி சுத்தமாக விழுந்தது. என்னைப் பார்த்தாள். நான் காக்காயைப் பார்த்தேன். காக்காய் இல்லை.

"யாரு போட்டது?"

"ஏழுமலண்ணன் சார்."

பொய் இல்லை. நான்தான் போட்டேன். எத்தனை வாட்டி என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பச்சையம்மா இருமினாள்.

"விழுப்புரத்துக்கு எப்ப வர்றீங்க?" என்றார் தாளாளர்.

மத்தியானம் எல்லாருக்கும் கேப்பைக் கூழ், முருங்கைக்கீரை. கடப்பாரை ஆள்தான் ஊற்றினான். நஸ்ரினுக்கு இரண்டு சொம்பு.

சனி, ஆடி 10

காற்று கொஞ்சம் அடங்கினது. வீட்டில்.

திங்கள் போய்ச் சிவப்பை ஒட்டணும். ரப்பர் கால் வாங்கியாச்சு.

நஸ்ரின் போனில் விழுப்புரம் வரைபடம் அனுப்பியிருக்கிறாள். இந்த முறை தமிழில். மேலே பெரிய எழுத்தில் இரண்டு வழி. ழிக்குக் கீழே மூன்று கோடு. வள்ளியிடம் காட்டினேன். நடந்ததெல்லாம் சொன்னேன், தப்பையும் சேர்த்து. வேர்க்க வேர்க்க வேகவைத்த வேர்க்கடலையை முறத்தில் கொட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்த டப்பாவையே சோதிச்சுப் பாத்துட்டுத்தான எடுத்துக்கினாரு தாளாளரு. பந்தல்ல மாப்பிள்ளைய மாத்தறப்ப என்னை யாராச்சும் கேட்டாங்களா?"

"இத்தினி வருசமா ஓடுதே. பாஸா இல்லையா, சொல்லு."

"இன்னும் சோதனை முடியல மாமா. உக்காந்து மல்லாட்டைய உரி."