உங்கள் வெற்றிலைக்கு முப்பத்தொரு நாள் தண்ணீர்

மச்சாள்,

சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் விரல்களில் உங்கள் வெற்றிலை மணக்கிறது. என் தோட்டத்து வெற்றிலை அல்ல, உங்களுடையது. கண்ணைக் கட்டிவிட்டு இரண்டையும் மூக்கருகே கொண்டுவந்தாலும் நான் பிரித்துச் சொல்லுவேன். என்னுடையதில் பச்சை வாசம் முந்திக்கொண்டு வரும். உங்களுடையது முதலில் ஒன்றும் தெரியாததுபோல் இருந்துவிட்டுப் பிறகுதான் மூக்கைச் சுடும். ஆளைப்போலத்தான் இலையும்.

இன்று உங்கள் முப்பத்தோராம் நாள். காலையில் கடைசித் தடவையாக உங்கள் தோட்டத்துப் படலையைத் திறந்து, தண்ணீர் வார்த்து, முற்றிய இலைகளைக் கிள்ளிக் கட்டிவைத்துவிட்டு வந்தேன். ஒரு கொடிகூடப் பழுதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற இந்த ஒடுங்கிய மணலைப் பார்த்தால், இதில் என்ன முளைக்கும் என்றுதான் புதிதாக வருகிறவர் கேட்பார். செட்டிபாளையத்துப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கிடுகு வேலிதான் தெரியும். அந்த வேலிக்குள் ஆள் உயரத்துக்குமேல் கொடியேறி, உள்ளங்கையளவு இலை கறுத்துக் கிடப்பது தெரியாது. மாட்டெருவையும் இலைகுழையையும் போட்டுப் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் வார்த்து, வெறும் மணலை நாங்கள்தான் மண்ணாக்கினோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வருகிறது. வரட்டும்.

நமது இலை இல்லாமல் இந்தப் பக்கத்தில் எந்த நல்லது நடந்திருக்கிறது? சம்பந்தம் பேசப் போகிறவர்கள் வட்டாத் தட்டில் வெற்றிலை அடுக்காமல் படியேற மாட்டார்கள். வாவிக்கு அந்தப் பக்கம் வயல் வட்டையில் விதைக்க இறங்குகிறவர்கள், முதல் பிடி நெல்லை எறிவதற்குமுன் வரம்பில் வெற்றிலை வைத்துக் கும்பிடுவார்கள். புதுத் தோணி தண்ணீரில் இறங்கும்போதும் முன் அணியத்தில் வெற்றிலை இருக்கும். பிள்ளைக்குச் சளி கட்டினால் விளக்கில் வாட்டி நெஞ்சில் ஒற்றுகிற இலையும் இதுதான். பாசிக்குடா ஹோட்டல்காரர்கூட வாசலில் விருந்தாளிக்குக் கொடுக்கவென்று நம்மிடம் வாங்கிப் போயிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிடுகிறார்களாம் என்று நான் சொன்னபோது உங்களுக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"கலியாணத்துக்கு மாப்பிளை பிந்தி வரலாம். வெத்திலை பிந்தினாச் சரிவராதுகா" என்பீர்கள்.

நாம் எந்த வழியில் மச்சாள் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் ஒழுங்காகத் தெரியாது. தாய்வழிக் குடி வேறு, வளவு பக்கத்துப் பக்கம், அதனால் மச்சாள். உங்கள் தாயார் கொடுத்த தோட்டம் உங்களுக்கு, என் தாயார் கொடுத்தது எனக்கு. நடுவில் ஒரு வேலி, வேலிக்கு நடுவில் இரண்டு பக்கமும் அள்ளுகிற ஒரே கிணறு. சண்டை பிடிக்க இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆனாலும் நாம் கிணற்றுக்காகச் சண்டை பிடிக்கவில்லை. இலைக்காகப் பிடித்தோம். அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் மடைப் படையலுக்கு வெற்றிலை கொடுப்பது ஒவ்வொரு வருசமும் ஒரு தோட்டத்தின் முறை. அந்த வருசம் என் முறை. பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் மேலே கிடந்த ஒரு இலையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முழுச் சனத்துக்கும் கேட்கச் சொன்னீர்கள்.

"இது வெத்திலையாகா? தண்ணிய மடிச்சு வச்ச மாதிரிக் கிடக்கு."

நான் விடுவேனா?

"உங்கட வெத்திலைய மனிசர் திண்ண ஏலா. கோழிக்குப் போடலாம்" என்றேன்.

அதோடு மூன்று வருசம் பேச்சில்லை. ஒரே கிணற்றில் ஆளுக்கொரு வாளி போட்டு அள்ளினோம், இரண்டு வாளியும் தண்ணீருக்குள் முட்டிக்கொண்டன, நாம் வாய் திறக்கவில்லை.

அந்த மூன்றாம் வருசம் ஆனி மாதம் என் மனிசன் செத்துப்போனார். மேற்கேயிருந்து கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்த நேரம். பழைய கொடியெல்லாம் பிடுங்கிவிட்டு, நாங்கள் இருவருமாகத் தோட்டம் முழுக்கப் புதுக்கொடி நட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் காற்றில் இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் இளங்கொடி கருகிவிடும். சாவு விழுந்த வீட்டுக்குத் துடக்கு. முப்பத்தோராம் நாள் கழியும்வரை நாங்கள் வெற்றிலைத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் கொடி பழுத்து விழும் என்பது இங்குள்ள வழக்கம். அந்த நாட்களில் அயலார்தான் தண்ணீர் வார்த்துக் கொடுப்பார்கள். எனக்கு அயல் என்று இருந்தது நீங்கள்.

நீங்கள் செத்த வீட்டுக்கு வரவில்லை. ஊரே வந்தது. வாவிக்கு அந்தப் பக்கமிருந்தெல்லாம் தோணியேறி வந்தார்கள். பக்கத்து வளவில் இருந்த நீங்கள் மட்டும் அவர் முகத்தைப் பார்க்க வரவில்லை. பறை முழங்கி அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது உங்கள் படலை பூட்டிக் கிடந்ததை நான் பார்த்தேன். அழுகைக்குள்ளேயும் அது என் கண்ணில் பட்டது. ஒரு வெற்றிலைக் கதைக்காக இவ்வளவு வன்மமா என்று நினைத்தேன்.

அடுத்த நாள் விடியற்காலையில் என் தோட்டத்துக்குள் பூவாளிச் சத்தம் கேட்டது. குசினி யன்னலால் பார்த்தால் நீங்கள். ஈரத் தலைமயிரை முடிந்துகொண்டு, இரண்டு கையிலும் பூவாளியோடு நடந்து நடந்து ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு நன்றி வரவில்லை, மச்சாள். ஆத்திரம்தான் வந்தது. செத்தவருக்கு மரியாதை கொடுக்காதவள் கொடிக்குத் தண்ணீர் வார்த்து ஊருக்கு நல்லபிள்ளை ஆகப் பார்க்கிறாள் என்று என் மகளிடம் சொன்னேன். முப்பது நாளும் யன்னலுக்குப் பின்னால் நின்று உங்களைத் திட்டினேன். முப்பது நாளும் நீங்கள் யன்னல் பக்கம் திரும்பவில்லை.

துடக்குக் கழிந்து, குளித்துவிட்டு உள்ளே போனேன். எத்தனை கொடி செத்திருக்கிறது என்று கணக்கெடுத்து உங்கள் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்றுதான் போனேன். ஒன்றும் சாகவில்லை. ஒவ்வொரு கொடியையும் வாழைநாரால் கட்டிவிட்டிருந்தீர்கள். முழங்கால் உயரத்தில் நான் விட்டுப்போனவை இடுப்புக்கு ஏறியிருந்தன. கிணற்றை எட்டிப் பார்த்தேன், அடியில் வாளி முழுசாக முங்காத அளவுக்குத்தான் தண்ணீர். பிறகு வேலிக்கு மேலால் உங்கள் பக்கம் பார்த்தேன். கடற்பக்கத்து நிரைகள் முழுவதும் கருகிக் கிடந்தன. பத்து வருசத்துக் கொடிகள். கிணற்றில் ஊறியதை என் இளங்கொடிக்கு ஊற்றிவிட்டு, மிஞ்சியதைத்தான் உங்கள் கொடிக்கு ஊற்றியிருக்கிறீர்கள்.

நீங்கள் அந்தப் பக்கம் சருகு கூட்டிக்கொண்டு நின்றீர்கள். மூன்று வருசத்துக்குப் பிறகு நான் உங்களோடு பேசிய முதல் பேச்சு நன்றி அல்ல.

"ஏன் செத்த வீட்டுக்கு வரல்ல நீங்க?"

நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"செத்த வீட்டுக்கு வந்த காலோட நான் கொடிக்குள்ள இறங்க மாட்டன் புள்ள. மத்தாக்கள் குளிச்சாக் காணும் எண்டு இறங்குவாங்க. நான் அப்பிடிச் செய்யன். உண்ட புருசன்ட முகத்தப் பாக்கிறதா, உண்ட கொடியப் பாக்கிறதா? நான் பாத்தாலும் பாக்காட்டியும் அவருக்கு ஒண்டுதான். நீ ரெண்டு புள்ளையோட என்னத்தத் திண்ணப் போறாய்?"

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்காக அழுததைவிட அன்றைக்குத்தான் அதிகம் அழுதேன் என்றால் நீங்கள் நம்புவீர்கள். பின்னேரம் என் தாயாரின் வட்டாவைத் துலக்கி, அதே இளங்கொடியில் முதன்முதலாகக் கிள்ளிய இலைகளை அடுக்கிக்கொண்டு உங்கள் படியேறினேன். நமது ஊரில் கோபம் தீர்க்க அதைத் தவிர வேறு வழியும் இல்லை, அதைவிட நல்ல வழியும் இல்லை. நீங்கள் ஒரு இலையைக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, ஆறுதலாகச் சப்பினீர்கள்.

"இப்பவும் உறைப்புக் காணாது" என்றீர்கள்.

பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த மாரியில் என் கொடியிலிருந்து துண்டு வெட்டி உங்கள் கருகிய நிரைகளில் நட்டோம். அதனால் உங்கள் தோட்டத்தில் பாதி என் தோட்டம். இதை நான் சொன்னபோதெல்லாம் நீங்கள் பேச்சை மாற்றுவீர்கள்.

இப்போது உங்கள் கதை. காலையில் தோட்டத்தில் நின்றவர், மத்தியானம் நெஞ்சு நோகுது என்றீர்களாம். பின்னேரம் ஆசுபத்திரியில் இருந்து செய்தி வந்தது. நான் செருப்பும் போடாமல் தெருவுக்கு ஓடினேன். உங்கள் படலைவரைக்கும் வந்துவிட்டேன், மச்சாள். உள்ளே உங்கள் மகள் கத்தி அழுவது கேட்டது. படலையில் கை வைத்தபோதுதான் உங்கள் தோட்டம் நினைவுக்கு வந்தது. ஆவணி வெயில். இந்தத் தெருவில் வெற்றிலை வைத்திருக்கிற மற்றவர்கள் எல்லாரும் உங்கள் குடி, ஒரு சாவென்றால் குடி முழுக்கத் துடக்கு. துடக்கில்லாதவள் நான் ஒருத்திதான். திரும்பி நடந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு தூரம் நான் நடந்ததில்லை.

அடுத்த நாள் பறை முழங்கியபோது என் கொடிகளுக்குள் நின்று காதைப் பொத்திக்கொண்டேன். கொடிக்குத் துடக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்பது போதும்.

ஊர் சும்மா இருக்குமா? ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவள் செத்த வீட்டுக்கு வரவில்லை என்று கடையில் வைத்து என் காதுபடவே பேசினார்கள். உங்கள் மகள், என் மடியில் தவழ்ந்தவள், தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். காரணத்தை அவளுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் செய்ததை வாயால் சொல்லிக்கொண்டு திரிவது எனக்கு வெட்கம். நீங்களும் எனக்குச் சொல்லவில்லைதானே.

இலை எடுக்க வருகிற ஓட்டமாவடி வியாபாரி நானா மட்டும் ஒருநாள் உங்கள் வெற்றிலைக் கட்டைப் பிரித்து ஒன்றைச் சப்பிப் பார்த்தார்.

"அவ இரிக்கக்குள்ள வந்த இலை மாதிரியே இரிக்கி" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது. உங்கள் கையில் வளர்ந்த கொடியை உங்கள் பெயர் கெடாமல் வைத்திருந்தேன் என்பதில் எனக்குப் பெருமைதான், மச்சாள். என் சொந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு நல்ல பெயர் கிடைத்தபோதும் அந்தப் பெருமை வந்ததில்லை.

இன்று மத்தியானம் துடக்குக் கழிந்து, ஈரத் தலையோடு உங்கள் மகள் தோட்டத்துக்கு வந்தாள். இனி இது அவளுடையது. நான் வேலியோரம் பூவாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் நிரை நிரையாக நடந்தாள், கொடிகளில் நான் போட்ட ஒவ்வொரு நார்க்கட்டையும் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏன் மாமி அம்மாவப் பாக்க வரல்ல நீங்க?"

"செத்த வீட்டுக்கு வந்த காலோட கொடிக்குள்ள இறங்கினா உண்ட கொம்மா என்னச் சும்மா விடுவாவா?" என்றேன்.

அவள் என் தோளில் விழுந்து அழுதாள்.

"கடைசி முகம் பாக்காம எப்பிடி மாமி இரிந்தீங்க?" என்று கேட்டாள்.

முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, இதை எழுத உட்கார்ந்தபிறகுதான் பதில் வருகிறது. கண் மூடி, தாடை கட்டி, மாலை போட்டுக் கிடந்த முகம் இந்தத் தெருவில் எல்லாரிடமும் இருக்கிறது. உங்களை நினைத்தால் அவர்களுக்கு அதுதான் முந்திக்கொண்டு வரும். என்னிடம் அந்த முகம் இல்லை. நெஞ்சு நொந்த அன்று காலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, வாய் சிவக்க, "உண்ட பைப்பு ஒழுகுதுகா, கண் தெரியாதா உனக்கு" என்று ஏசினீர்களே, அந்த முகம்தான் என்னிடம் இருக்கிறது. இந்தத் தெருவில் உங்களைச் செத்தவராகப் பார்க்காதவள் நான் ஒருத்திதான், மச்சாள்.