மணலில் மூக்கைப் புதைத்த கார்

தல்லாகுளம், மதுரை
அக்டோபர் 12, ஞாயிறு

அன்பு மகள் ஜாய்ஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் நலம், இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, இதை முதலில் நம்பிவிட்டு அப்புறம் மேலே படி. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கிலாந்தில் குளிர் ஆரம்பித்திருக்கும், ஆஸ்பத்திரியில் ட்யூட்டி முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா. போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், கடைசியில் யாராவது ஒருவர் கட் பண்ணிவிடுகிறோம், அதனால்தான் பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் பெரியப்பா மகன் ஆன்சன் உனக்கு அனுப்பிய போட்டோவை என்னிடமும் காட்டினான். பச்சைக் கார் மணல் குவியலுக்குள் மூக்கைப் புதைத்து நிற்கிறது, பக்கத்தில் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷருக்கு ஐம்பது வருஷத்துக்கு மேலான கார் எதற்கு, அவரை ஓட்ட நீ எப்படி விட்டாய் என்று நீ கேட்டது நியாயம்தான். ஆனால் அப்பா ஓட்டவில்லை ஜாய்ஸ். ஓட்டியது நான்.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பா எப்படி இருந்தார் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ வீடியோவில் கூப்பிடும்போது சட்டையை மாட்டிக்கொண்டு சிரித்துப் பேசுவார், நீ பார்த்தது அவ்வளவுதான். போனை வைத்ததும் முன்னறை நாற்காலியில் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். டிவியைப் போட்டாலும் அணைத்தாலும் ஒன்றுதான். கோர்ட் ஆபீசில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவர், ஒரு நாளும் இஸ்திரி போடாத சட்டை போடாதவர், தாடியை மழிக்கக்கூட நான் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டரிடம் சொன்னேன், ஏதாவது பிடித்த வேலையில் ஈடுபடச் சொல்லுங்கள் என்றார். என்ன பிடிக்கும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பதுதான் பதில்.

அப்போதுதான் மலையம்மாள் டீச்சர், தன் பேத்திக்குக் காது குத்து என்று சோழவந்தானுக்குக் கூப்பிட்டாள், என்னோடு பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவள், உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் வீட்டுக்காரர் முத்திருளன் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு கொடிக்காலைத் தாண்டிப் போனேன், தென்னை மரங்களுக்கு நடுவில் மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு சாய்ப்புக் கொட்டகை, அதில் தார்ப்பாய் போட்டு என்னவோ மூடியிருந்தது, அதன் அடியிலிருந்து அப்பாவின் இரண்டு கால்களும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. நான் போட்ட கூச்சலில் பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஓடி வந்தார்கள். உள்ளேயிருந்து, "கத்தாத மேரி, அடித்தகடு எம்புட்டுத் துருப்பிடிச்சிருக்குன்னு பாக்குறேன்" என்று அப்பாவின் குரல் வந்தது. பல மாதத்துக்குப் பிறகு அவராக வாய் திறந்து சொன்ன முழு வாக்கியம் அதுதான்.

அது இங்கிலாந்தில் செய்த எம்.ஜி. மிட்ஜெட் என்ற கார், இரண்டே பேர்தான் உட்காரலாம், மேலே மடக்குகிற துணிக் கூரை. முத்திருளனின் அண்ணன் மலையில் தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தபோது வாங்கியது, அவர் இறந்த பிறகு அப்படியே நின்றுவிட்டதாம். சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. அப்பா தார்ப்பாயை முழுதாக விலக்கிச் சுற்றிச் சுற்றி வந்தார். முத்திருளன், "இரும்புக்கடைக்காரன் வந்து வந்து கேக்குறான் சார், அண்ணன் ஆசையா வச்சிருந்தது, வெட்டிப் போட மனசு வரல. ஓட்டுவீகன்னா நீங்க எடுத்துக்கங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது சமயநல்லூர் தாண்டியதும் அப்பா, அடுத்த வாரம் ஒருதரம் போய்ப் பார்ப்போமா என்று கேட்டார்.

ஒரு வாரம் போனில் பழைய கார்களைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தவர், இரண்டாம் தடவை போகும்போது நம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் வேளாங்கண்ணி மாதா காந்தத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. காந்தத்தை ஒரு துணியில் சுற்றிக் காரின் உடம்பு முழுக்க வைத்துப் பார்த்தார், ஒட்டினால் அடியில் இரும்பு நன்றாக இருக்கிறது, ஒட்டாமல் விழுந்தால் துருவை மறைத்துப் பட்டி பூசி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இடது கதவுக்குக் கீழே வைக்க வைக்க மாதா விழுந்துகொண்டே இருந்தாள், நான் எடுத்துத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன். அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்க வேண்டும், மற்றபடி தேறும் என்றார். ஸ்பானர் போட்டு இஞ்சினைக் கையால் திருப்பிப் பார்த்தார், சுற்றியது. இஞ்சின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்து நம்பரும் ஒன்றாக இருந்தன. வெளியே பளபளப்பு எப்படி இருந்தாலும் சரி, இந்த மூன்றும் சரியில்லை என்றால் பழைய காரைத் தொடவே கூடாதாம். எல்லாம் பார்த்து முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் நான் கேட்டேன், சர்க்கரையில் உங்கள் இடது கால் மரத்துப் போயிருக்கிறது, கிளட்ச் மிதிப்பதே உங்களுக்குத் தெரியாது, வாங்கி யார் ஓட்டுவது என்று. அவர் முகம் விழுந்துவிட்டது. "ஓடுற நெலமைக்குக் கொண்டு வந்தாப் போதும் மேரி, ஓட்டணும்னு இல்ல" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் என்னை அறியாமல் வந்துவிட்டது, "நான் ஓட்டுறேன்" என்று. ஸ்கூட்டி ஓட்டியவளுக்கு இது வராதா என்றேன். அவர் நம்பவில்லை, சொன்ன பிறகு எனக்கே நம்பிக்கை இல்லை.

அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டது. ஆர்.சி. இறந்தவர் பெயரில் இருந்ததால் வாரிசுச் சான்றிதழ், சம்மதக் கடிதம் என்று முத்திருளனைக் கூட்டிக்கொண்டு ஓட்டப் போகிற என் பெயருக்கு மாற்ற அப்பாவே தாலுகா ஆபீசுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அலைந்தார், இஸ்திரி போட்ட சட்டையோடு. வேலைக்கு அவனியாபுரத்தில் காசிமாயன் என்பவரின் ஒர்க்‌ஷாப். அவர் எடுத்த உடனேயே, "சார், இந்த மாதிரி வண்டிய நான் தொட்டதே இல்ல, நீங்க புத்தகத்தப் பாத்துச் சொல்லுங்க, நான் கழட்டுறேன்" என்று சொல்லிவிட்டார். அந்தக் காரின் இங்கிலீஷ் ரிப்பேர் புத்தகத்தை அப்பா தமிழில் சொல்லச் சொல்ல அவர் கழற்றுவார், சில நாள் இரண்டு பேரும் தப்பாக மாட்டிவிட்டு மறுநாள் சிரித்துக்கொண்டே பிரிப்பார்கள். பெட்ரோல் டேங்கிற்குள் ஜல்லியைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தார்கள். எலி கடித்த சீட்டை நான் வீட்டிலேயே ரெக்சின் வாங்கித் தைத்தேன். கூரைத் துணியைப் பந்தல்காரரிடம் கொடுத்துத் தைத்தோம், மழை பெய்தால் இன்னும் என் தோளில்தான் சொட்டுகிறது. அந்தக் காருக்கு இரண்டு கார்புரேட்டர், இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இதையும் அதையும் மாற்றி மாற்றிக் கேட்டு, சத்தம் ஒன்றாக வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. இத்தனை வருஷம் பிசிக்ஸ் நடத்தினேன், காற்றழுத்தத்தைக் காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

நடுவில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவை ரிவர்ஸில் போய்க் கல்லை இடித்து ஃபெயில், அடுத்த தடவை பாஸ். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் நீ பயப்படுவாய் என்பது மட்டும் இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்பதும்தான். அழகர்கோவில் ரோட்டில் முதல் தடவை ஓட்டிப் போனபோது தரையிலேயே உட்கார்ந்து போவது மாதிரி இருந்தது, பக்கத்தில் வந்த பஸ்ஸின் சக்கரம் என் தலை உயரத்துக்கு இருந்தது. முதல் கியர் முரண்டு பிடிக்கும், வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் சூடு ஏறிவிடும், அதனால் காலையிலேயே போய்விட்டு வந்துவிடுவோம். போகும் முன்னால் அப்பா தண்ணீர், ஆயில், டயர் காற்று எல்லாம் பார்ப்பார். ஒரு வாரம் சும்மா விட்டால் பேட்டரி இறங்கிவிடும். திட்டிக்கொண்டேதான் பார்ப்பார், ஆனாலும் பார்ப்பார்.

இப்போது போட்டோவுக்கு வருகிறேன். போன மாதம் அவனியாபுரத்தில் ஆயில் மாற்றிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஒரு பாலத்தில் ஏறி இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன், பெடல் அப்படியே தரைவரை போய்விட்டது. மறுபடி மிதித்தேன், ஒன்றுமே இல்லை. இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது, ஏறிக்கொண்டிருந்த பெண்ணின் மஞ்சள் சேலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்பா "மேரி, பிரேக்கு, பிரேக்கு" என்றார். "இல்லைங்க, போயிருச்சு" என்றேன். மூன்றாவது கியருக்கும் இரண்டாவது கியருக்கும் இறக்கி, ஹாரனை அழுத்திக்கொண்டே ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன், ஒரேயடியாக இழுத்தால் சுற்றிவிடும் என்று தோன்றியது. அப்பா கையையும் என் கைமேல் வைத்து இழுத்தார். வேகம் குறைந்தது, ஆனால் ஆட்டோவை இடிக்கும் முன் நிற்காது என்று தெரிந்துவிட்டது. இடது பக்கம் வீடு கட்டுவதற்கு மணல் கொட்டியிருந்தார்கள், ரோட்டை விட்டு அதற்குள் திருப்பிவிட்டேன். மணல் என் மடி வரைக்கும் வந்து விழுந்தது. அவ்வளவுதான். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆட்டோக்காரர் ஓடி வந்து திட்டுவார் என்று பார்த்தால் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் ஒன்று உள்ளுக்குள் இற்றுப் போய் வெடித்திருந்தது. வெளியே பார்க்கக் கருகருவென்று நன்றாகத்தான் இருந்தது, அப்பாவும் காசிமாயனும் அமுக்கிப் பார்த்துவிட்டு இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். பழைய காரில் ரப்பர் என்று எது இருந்தாலும் பார்வையை நம்பாமல் முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும். அப்பா அதை நினைத்து நினைத்து மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நீ வேறு போனில் அழுதாய். அடுத்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து காரைப் பார்த்தார், அப்பா அவரிடம் விலை பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்து, ஆர்.சி. உன் பெயரில்தானே இருக்கிறது, ஒரு கையெழுத்துப் போடு என்றார். போட மாட்டேன் என்றேன். அவர் அழுதுவிட்டார் ஜாய்ஸ், கல்யாணமானதிலிருந்து நான் அப்படிப் பார்த்ததில்லை. "ஒன்னயக் கொன்னுருப்பேன் மேரி" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கொன்னுருப்பேன்னு நீங்களும், கொன்னுருப்பாருன்னு மத்தவங்களும் பேசுறீங்க, பிரேக் இல்லாத வண்டிய நிப்பாட்டுனது யாரு? அத ஒருத்தராவது சொன்னீங்களா?" என்று கேட்டேன். அப்பா எழுந்து போய்க் கோயம்புத்தூர்க்காரரை அனுப்பிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் மழித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினார்.

இது உனக்கும் சேர்த்துத்தான். நான் விளையாட்டுக்குச் செய்யவில்லை. பிரேக்கில் உள்ள ரப்பர் அத்தனையும் புதிதாக மாற்றாமல் காரை வாசலுக்குக்கூட எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சீட் பெல்ட்டும் போடப் போகிறோம். அப்பாவுக்குப் போன வாரம் செக்கப், பி.பி. சரியாக இருக்கிறது, டாக்டர் சொன்னதை ஆன்சன் உனக்கு அனுப்புவான், நீ நர்ஸ், உனக்கே புரியும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடு, மாப்பிள்ளையிடம் இதைக் கோபமில்லாமல் சொல்லு.

பிரேக் ஹோஸும் சிலிண்டர் ரப்பர் செட்டும் உங்கள் ஊரில் சுலபமாகக் கிடைக்குமாம். அப்பா மாடலும் நம்பரும் எழுதி வைத்திருக்கிறார், உன்னிடம் கேட்க வெட்கப்படுகிறார், அதனால் நான் கேட்கிறேன். நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வரும் முன்னாலேயே தபாலில் அனுப்பிவிடு, மறந்துவிடாதே. பார்சல் வந்தவுடன் மாட்டிச் சோதித்துப் பார்க்க நாள் வேண்டும். ஏர்போர்ட்டுக்கு நாங்கள் எல்லோரும் வருவோம். பெட்டி, மாப்பிள்ளை, பிள்ளை எல்லாம் ஆன்சன் வண்டியில் வரட்டும், அப்பாவும் அதிலேயே ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். நீ என் பக்கத்தில் உட்கார்.

இயேசுவின் இரக்கமும் மாதாவின் துணையும் உங்கள் மூவரோடும் இருக்கட்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்
உன் அம்மா
ஆனிமேரி மரியராஜ்