சோலங்கில் தாரு திரும்பவில்லை

மயூர் விஹார், டெல்லி
பிப்ரவரி 11

அன்புத் தங்கை மேதாவுக்கு,

இரண்டாம் மாடி ஜூலி அக்கா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் மேக்ஸ்வெலும் சுகம். புனே வீடு வசதிதானா? தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? ஷ்ரவணுக்கு ஆபீஸ் பக்கமா? தாரு புது இடத்தில் சாப்பிடுகிறாளா? முறைக்காகக் கேட்கவில்லை மேதா, எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஷங்கரிடம் விலாசம் வாங்கித்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதவும் காரணம் உண்டு. ஷ்ரவண் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவாரே தவிரப் படிக்க வராது. இதை முதலில் நீ தனியாகப் படிக்க வேண்டும். அவரிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பது உன் இஷ்டம்.

நாலு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். டியூட்டியில் ஊசி மருந்தை இரண்டு தடவை சரிபார்ப்பவள் இப்போது நாலு தடவை சரிபார்க்கிறேன். நேற்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு மிளகாய் வற்றல் வாங்கப் போய், வாங்காமலே திரும்பி வந்தேன். உங்கள் வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. மேலே காலடிச் சத்தமே கிடையாது. தாரு ஓடும்போது எங்கள் கூடத்து ஃபேன் ஆடுகிறது என்று மேக்ஸ்வெல் சிரிப்பாரே, அவரும் இப்போது அடிக்கடி மேலே பார்க்கிறார்.

சோலங் விஷயத்துக்கு வருகிறேன். உங்களை வழியனுப்பத்தான் அந்த மணாலிப் பயணம். குல்மார்க்கில் ஒரே ஒரு தடவை பனிச்சறுக்கு விட்டுவிட்டு வந்த ஷங்கர், அதற்குப் பிறகு வேறு எதையும் பற்றிப் பேசியதில்லை. ஷ்ரவணின் காலேஜ் நண்பன் என்பதால் நாம் எல்லோரும் பொறுத்துக்கொண்டோம், கடைசியில் அவன் பேச்சை நம்பிக் கிளம்பியும் விட்டோம். பெரியவர்கள் ஐந்து பேர், இருபது மாதக் குழந்தை ஒன்று, வாடகை வண்டி. மண்டி தாண்டியதும் வளைவுகளில் உனக்குக் குமட்டல். தாரு மட்டும் என் மடியில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் கண்ணாடியை நக்கிக்கொண்டே வந்தாள். அந்த வாடகை உடுப்புக் கடையில் அவள் அளவுக்கு ஒன்றும் கிடைக்காமல், கையையும் காலையும் மூன்று மடிப்பு மடித்துவிட்டோமே, நினைவிருக்கிறதா? மூட்டை மாதிரி நின்றாள்.

அன்று காலை முழுக்க நாம் சிரித்ததுபோல நான் வெகுநாளாகச் சிரித்ததில்லை. எல்லாருக்கும் முன்னால் விழுந்தவன் ஷங்கர்தான். மேக்ஸ்வெல் சறுக்கவே இல்லை, கம்பு இரண்டையும் ஊன்றிக்கொண்டு வகுப்பில் பாடம் நடத்துவதுபோல நின்றார். “ஆகே ஜுகோ மேடம், ஆகே ஜுகோ” என்று அந்தப் பயிற்சியாளர் கத்தக் கத்த நீ பின்னால்தான் சாய்ந்தாய். ஆனால் மதியத்துக்கு மேல் உனக்குப் பிடிபட்டுவிட்டது. மேலிருந்து விழாமல் நேராக இறங்கினாய். பிள்ளை பெற்றதிலிருந்து உன் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்க்கவில்லை. அதைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

தாரு என் பொறுப்பில் இருந்தாள். நீ நம்பித்தான் விட்டுப் போனாய். நான் அவள் கையை விட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றி போனை எடுத்தேன். நிமிர்ந்தபோது அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கம், சறுக்குப் பாதையில் உட்கார்ந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். இது என் தப்பு. வேறு யார் தப்பும் இல்லை. சோலங்கிலேயே இதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். படபடப்பில் சொல்லவில்லை.

அந்த நீல ஜாக்கெட்காரர் நிறுத்தத் தெரியாமல் “ஹடோ! ஹடோ!” என்று வழிவிடச் சொல்லி அலறிக்கொண்டு வந்தார். நீ கீழேயிருந்து கத்தினாய். ஷ்ரவண் கத்தினார். பயிற்சியாளர் விசில் அடித்தார். அந்தச் சரிவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தாரு திரும்பவில்லை. அந்த மனிதர் தன்னைத்தானே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு விழுந்தார். அவர் காலிலிருந்து கழன்ற பலகை குழந்தைக்கு ஒரு கை தூரத்தில் போயிற்று. நான் பாய்ந்து தூக்குவதற்குள் அவள் முகத்தில் பனித்தூள் தெறித்தது. அப்போதுதான் திரும்பினாள். திரும்பி, சிரித்தாள்.

பயத்தில் உறைந்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னீர்கள். பயந்த குழந்தையை எனக்குத் தெரியும் மேதா, பதினாறு வருஷமாகக் குழந்தைகள் வார்டில்தான் வேலை செய்கிறேன். பயந்த குழந்தையின் முதுகு விறைக்கும். அவள் முதுகு சாதாரணமாக இருந்தது. கை அது பாட்டுக்குப் பனியைத் தட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நீ குளிக்கப் போன நேரத்தில், அவள் எனக்கு முதுகு காட்டிக் கட்டிலில் உட்கார்ந்து தேவதாருக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டினேன். மூன்று தடவை. அசையவில்லை. அந்த நேரம் மேக்ஸ்வெல் கதவை அடித்துச் சாத்தினார், உடனே திரும்பினாள். ஒரு நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. பிறகுதான் உறைத்தது, அது மரத்தரை. கதவு சாத்தினால் கட்டிலே அதிர்கிறது. இத்தனை நாள் அந்த அதிர்வை வைத்துத்தான் நாம் எல்லோரும் ஏமாந்தோம் என்று நினைக்கிறேன். பேச்சு வராததற்குக்கூடக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தோம். வீட்டில் தமிழ், வேலைக்காரம்மாவிடம் ஹிந்தி, டிவியில் இங்கிலீஷ், குழந்தை குழம்புகிறது என்றோம். ஷ்ரவணும் மூன்று வயதில்தான் பேசினார் என்றோம்.

உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாமல் சாப்பாட்டு மேஜையில், ஷங்கர் முன்னால், தாருவுக்குக் காது கேட்கவில்லையோ என்று சொன்னேனே, அது இரண்டாவது தப்பு. நீ கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. குழந்தையைக் கைவிட்டுவிட்டுப் போட்டோ எடுத்த தப்பை மறைக்க என் குழந்தைக்கே குறை கண்டுபிடிக்கிறீர்களா அக்கா என்றாய். அங்கே இருந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். டெல்லி வந்த எட்டாம் நாள் உங்கள் சாமான் ஏற்ற லாரி வந்தது. நீ சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாய்.

நான் எழுத வந்தது இதுவரை எழுதியது இல்லை. இதற்கு மேல்தான் இருக்கிறது.

தாரு ஏழு வாரம் முன்னதாகப் பிறந்து, எங்கள் வார்டில் பத்தொன்பது நாள் இருந்தாள். தொற்றுக்கு மருந்து போனது, மஞ்சள் காமாலைக்கு விளக்கு வைத்தோம். வீட்டுக்கு அனுப்பும் முன் காது ஸ்கிரீனிங் செய்தார்கள். இரண்டு காதுக்கும் 'ரெஃபர்' என்று வந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அந்தத் தாளை நீட்டி, இது என்ன அக்கா என்று நீ கேட்டாய். லிப்ட் பக்கத்தில், தாருவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாய். கண் முழுக்கத் தூக்கமில்லாத சிவப்பு. உன்னை இன்னொரு பயத்தோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. குறைமாதக் குழந்தை, காதில் நீர் இருக்கும், மெஷின் அப்படித்தான் சொல்லும், முதலில் எடை ஏறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பல குழந்தைகள் விஷயத்தில் அது உண்மையும்தான். ஆனால் பார்த்துக்கொள்ளவில்லை. நீ என்னை நம்பி ஃபைலில் வைத்து மூடினாய். நான் மறந்தேன். ஒரே படிக்கட்டில் தினமும் ஏறி இறங்கிக்கொண்டு, வாரத்துக்கு மூன்று நாள் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறந்தேன். சறுக்குப் பாதையில் அவள் முதுகைப் பார்த்த நொடியில்தான் அந்தத் தாள் கண்முன் வந்தது.

டெஸ்ட் எடுக்கச் சொல்லி எழுது, போதும், பழையதை ஏன் கிளறுகிறாய் என்கிறார் மேக்ஸ்வெல். அவருக்கு என் வேலையைப் பற்றிப் பயம். ஆனால் பாதியைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். ஏன் நம்ப வேண்டும்?

அதனால் உன் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள். அந்த டிஸ்சார்ஜ் ஃபைலை எடு. நீல அட்டை, ஊசிக் கார்டு வைத்திருக்கும் அதே பைக்குள் இருக்கும். நல்ல ஆடியாலஜிஸ்ட் ஒருவரிடம் போய், அந்தத் தாளைக் காட்டி, காது கேட்கும் திறனுக்கான பெரா டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொல். குழந்தையைத் தூங்க வைத்து எடுப்பார்கள், வலிக்காது. ஹோலி போகட்டும், வீடு செட்டில் ஆகட்டும் என்று தள்ளாதே. பேச்சு வர வேண்டிய வயசு இது, ஒவ்வொரு மாதமும் கணக்கு. நான் நினைப்பது பொய்யாக இருந்தால், போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டு. அந்தத் திட்டுக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

என்னோடு பேச வேண்டாம். குழந்தையைக் கொண்டுபோ.

உன்
ஜூலி அக்கா


மயூர் விஹார், டெல்லி
ஏப்ரல் 19

அன்புள்ள மேதாவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கவரைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே முதலில் ரிப்போர்ட் ஜெராக்ஸ் இருந்தது, படித்தேன். இரண்டு காதுமே கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது. நான் பொய்யாகிவிட வேண்டும் என்று கேட்டது கிடைக்கவில்லை.

என் கடிதத்தைப் பத்து நாள் அரிசி டின்னுக்குள் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறாய். பதினோராம் நாள் நீயும் தாருவுக்குப் பின்னால் நின்று தட்டில் தட்டிப் பார்த்தாயாம். அந்த இடத்தில் உன் கையெழுத்து கோணியிருக்கிறது. உன்னைத் தனியாக அதைச் செய்ய வைத்தேனே என்று இருக்கிறது.

ஷ்ரவண் ஆஸ்பத்திரி மேல் புகார் கொடுப்பேன் என்றும், என் பெயரையும் சேர்ப்பேன் என்றும் சொல்வதாக எழுதினாய். சேர்க்கட்டும். மார்ச் முதல் வாரமே எங்கள் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் மஹாலட்சுமி மேடத்திடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள், விசாரணை இருக்கும். என்ன வந்தாலும் வரட்டும். இதற்கிடையில் 'ரெஃபர்' என்று வந்து திரும்பி வராத குழந்தைகளின் லிஸ்டை எடுக்கச் சொன்னார்கள். டியூட்டி முடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்கிறேன். சிலர் நன்றி என்கிறார்கள், சிலர் நம்பர் மாற்றிவிட்டார்கள். காஜியாபாத்தில் ஒரு அம்மா, எங்கள் பையனுக்கு எல்லாம் அச்சா, ஏன் பயமுறுத்துகிறாய் என்று வைத்துவிட்டாள். நாளைக்கு மறுபடியும் செய்வேன்.

நீ கேட்ட ஒரே கேள்விக்கு வருகிறேன். காது மெஷினைப் போட்டவுடன் பிடுங்கி எறிகிறாள், ஒரு நாளைக்கு இருபது தடவை போடுகிறேன், அழுகிறாள், நானும் அழுகிறேன், என்ன செய்வது என்று கேட்டாய். எங்கள் ஆடியாலஜிஸ்டிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். முதலில் பத்து நிமிஷம் போதும், அவளுக்குப் பிடித்த வேலை செய்யும்போது மட்டும். சாப்பிடும்போதோ, தண்ணீரில் விளையாடும்போதோ வேண்டாம். படப்புத்தகம், பொம்மை, அந்த மாதிரி நேரம். பிடுங்கினால் கோபித்துக்கொள்ளாதே, சிரிக்கவும் சிரிக்காதே, இரண்டையும் விளையாட்டாக எடுத்துக்கொள்வாள். ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி போடு. காதோடு சேர்த்துக் கட்டுகிற மெல்லிய துணித் தொப்பி கிடைக்கிறது. சட்டையோடு மாட்டுகிற கிளிப் கயிறும் உண்டு, எறிந்தாலும் தொலையாது. வீட்டில் டிவி, மிக்ஸி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போடு. இதுவரை ஒன்றும் கேட்காதவளுக்கு மிக்ஸி இடி மாதிரி விழும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடு. இதற்கு மேல் ஆபரேஷன் தேவையா என்பதை மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். அதுவரை பேசிக்கொண்டே இரு. அவள் முகத்துக்கு நேராக, அவள் உயரத்துக்கு உட்கார்ந்து பேசு.

நீ சாப்பிடுகிறாயா? எழுதவில்லை. ஷ்ரவண் அவளைத் தூக்கிக்கொள்ளும் நேரத்தில் ஒரு மணி நேரமாவது படு. குற்றம் யாருடையது என்று மனசுக்குள் தேடாதே. மூன்று மொழியால் குழம்புகிறாள் என்று சொன்னது உன் வாய் மட்டும் இல்லை. அந்தத் தாளை மூடச் சொன்னவள் நான்.

மே பத்தாம் தேதியிலிருந்து எனக்கு இரண்டு வாரம் லீவு இருக்கிறது. விசாரணைக்குக் கூப்பிட்டால்கூட அதற்குள் முடிந்துவிடும். நான் புனேக்கு வந்து, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்காவது தங்கிக்கொண்டு, காலையில் வந்து அந்த இருபது தடவையில் பத்துத் தடவை நான் போடுகிறேன். நீ என்னோடு பேச வேண்டும் என்று இல்லை. காபி போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. டிக்கெட் எடுக்கவில்லை, உன்னைக் கேட்காமல் எடுக்கமாட்டேன்.

வா என்றால் வருகிறேன். வரவேண்டாம் என்றால் அதையும் நீயே உன் கையால் எழுது மேதா, ஷங்கர் மூலமாகச் சொல்லி அனுப்பாதே.

குழந்தையையும் உங்கள் இருவரையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

ஜூலியா