ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள்

பெப்ரவரி 3, செவ்வாய்

இன்று சாப்பாட்டு மேசையில் நான் கேட்காதது: "அப்பா, ஏன் பாதியில எழும்பிப் போறியள்?"

மைனஸ் பதினெட்டு. வாசல் பனி இருமுறை வழித்தாயிற்று. வேலை முடிந்து வழமைபோலப் பதிவேடு. இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத் தேவாலயம். அதன் பழைய ஞானஸ்நானப் பதிவுகளும் அடக்கப் பதிவுகளும் படங்களாக வரும், நான் தட்டெழுதிக் கொடுப்பேன். சம்பளமில்லை. அங்கே யாரும் எனக்குச் சொந்தமில்லை. அதுதான் சுகம். அம்மாவின் வழக்கமான நக்கல்: "வெள்ளைக்காரன்ர செத்தவீட்டுக்கெல்லாம் நீதான் கணக்கப்பிள்ளை."

போன கிழமை ஒரு பிழை விட்டிருந்தேன். ஒரே தாய் தகப்பன், ஆன் என்ற ஒரே பெயர், இரண்டு ஞானஸ்நானம். ஒரு பிள்ளையை இருமுறை பதிந்துவிட்டார்கள் என்று ஒன்றை நீக்கினேன். பதிவேட்டு வேலைக்குப் பொறுப்பாக இருக்கும் அம்மையாரிடமிருந்து இன்று மின்னஞ்சல்: அடக்கப் பதிவையும் பாருங்கள். பார்த்தேன். முதல் ஆன் இரண்டு வயதில் அடக்கம். அடுத்துப் பிறந்தவளுக்கு அதே பெயர்.

புட்டுச் சாப்பிடும்போது இதைச் சொன்னேன், சிரிப்பார்கள் என்று.

அம்மா சிரிக்கவில்லை. "அந்தப் பேரை மற்றதுக்கு வைச்சால், முதல் பிள்ளை எங்க போறது?"

அப்பா: "உந்தக் கதையை விடுங்கோ ரெண்டு பேரும்."

பாதிப் புட்டோடு எழும்பிப் போனார்.

பெப். 6, வெள்ளி

கோயில். திங்கள் என் பிறந்தநாள், முப்பத்திரண்டு. அர்ச்சனை முன்கூட்டியே. கார் நிறுத்த இடம் தேடி இருபது நிமிடம். ஐயர் கேட்க அம்மா சொன்னார்: "தாரணி. அத்த நட்சத்திரம்." வருடாவருடம் காதில் விழுவதுதான்.

பதிவேடு பார்க்கும் பழக்கம். வீட்டுக்கு வந்து என் பிறப்புப் பத்திரத் தேதியைப் பஞ்சாங்கத்தில் போட்டுப் பார்த்தேன். ரேவதி என்றது. நேரத்தை மாற்றினேன். ரேவதி. வேறு பஞ்சாங்கம். ரேவதி. அத்தத்துக்கும் அதற்கும் அரை மாத இடைவெளி.

— பத்திரத்தில் பிழை?
— அம்மாவுக்கு மறதி? (இல்லவே இல்லை. ஒன்றுவிட்ட மச்சாளின் நட்சத்திரம்கூடப் பாடம்.)
— இரண்டும் சரி?

மூன்றாவதை எழுதிவிட்டுப் பேனையை மூடி வைத்தேன்.

பெப். 7, சனி

காலை பெரியம்மாவுக்கு வட்ஸ்அப். அம்மாவின் அக்கா, யாழ்ப்பாணத்தில்.

"பெரியம்மா, அத்தம் ஆற்ற நட்சத்திரம்?"

"உன்ரதான். ஏன்?"

"அப்ப ரேவதி?"



"அது கொக்கான்ர."

"எனக்கு அக்கா இல்லை."

"ஐயோ பிள்ளை. கொம்மா இன்னும் சொல்லேல்லையே? எப்பவோ சொல்லியிருப்பாள் எண்டெல்லோ நான் இருந்தனான்."

கேட்டபடி எழுதுகிறேன். அப்பா கனடாவுக்கு வெளிக்கிடும்போது அம்மாவின் கையில் ஆறு மாதப் பிள்ளை, தாரணி. வயிற்றில் நான். அது அப்பாவுக்குத் தெரியாது. தெரியப்படுத்திய கடிதம் போய்ச் சேரவில்லை. இடப்பெயர்வில் நான் பிறந்தேன். பிறப்பைப் பதியக் கந்தோர் இல்லை. மூன்று மாதம் கழித்து, காய்ச்சல், மருந்தில்லை, தாரணி போய்விட்டாள். அதன்பிறகு, கனடாவுக்குக் கூப்பிட அப்பா அனுப்பிய பேப்பர் வந்தது. அதில் ஒரு மனைவி, ஒரு மகள். "புதுசா எழுத வெளிக்கிட்டா இன்னும் எத்தினை வருசமோ? அந்தப் பேரிலயே உன்னைக் கொண்டு போனவள்."

ஆக, நான் பத்திரத்தைவிடப் பதினான்கு மாதம் இளையவள். முதலாம் வகுப்பில் ரீச்சர் "வளர்ச்சி காணாது" என்று அனுப்பிய துண்டு. அதற்காக இரண்டு வருடம் தினமும் முட்டைக்கோப்பி. நான் ஓங்காளிக்க ஓங்காளிக்க அம்மா பருக்கினார். காரணம் தெரிந்துகொண்டே!

கேட்டால் அம்மா உடைந்துபோவார். கேட்காவிட்டால், திங்கட்கிழமை அந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு நான் மறுபடியும் மெழுகுதிரி ஊத வேண்டும்.

அப்பாவுக்கு எவ்வளவு தெரியும்?

பெப். 8, ஞாயிறு

ஒன்றும் கேட்கவில்லை. உடுப்புத் தோய்த்தேன். கண்ணாடியில் பல் தீட்டும்போது பெயரைச் சொல்லிப் பார்த்தேன். திருடியதுபோல் இருந்தது.

பெப். 9, திங்கள்

லீவு. ஏழு மணிக்கு அம்மா குசினியில், கேக் பெட்டியின் நூலை அவிழ்த்துக்கொண்டு.

"அம்மா, பெரியம்மா சொல்லிப்போட்டா."

நூலை விடவில்லை. என்ன சொன்னா என்றும் கேட்கவில்லை.

"அப்பாவுக்கு எப்ப தெரியும்?"

"எயாப்போட்டில."

"என்னெண்டு எயாப்போட்டில?"

"காயிதத்தில எழுதேலுமே? ஆரும் உடைச்சுப் பாத்தா விசா போயிடும். ஃபோனிலயும் பயம். வெளிய வர, ஓடிவந்து உன்னைத் தூக்கினவர். 'தாரணிக்குஞ்சு, அப்பாவை ஞாபகம் இருக்கோ' எண்டு கேட்டவர். பிறகுதான் சொன்னனான், இது அவள் இல்லையெண்டு."

"அப்பா என்ன சொன்னவர்?"

"வீடு வருமட்டும் உன்னை இறக்கேல்லை."

திரும்பினேன். அப்பா ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

"அவளை எங்க தாட்டனியள்?" என்று கேட்டார். முப்பது வருடத்தில் முதல்முறை கேட்கிறார் என்பது அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

அம்மா ஊரின் பெயரைச் சொன்னார். ஒரு கிணற்றடி. அடையாளத்துக்கு ஒன்றும் வைக்கவில்லை.

அப்பா மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கேக் வெட்டவில்லை. அம்மா பதினொரு மணிவரை சத்தம் போட்டு அழுதார். பிறகு எழும்பிச் சோறு வைத்தார்.