சார்ஜரில் செருகிய வேகம்

மார்ச் 3, செவ்வாய்
காலை 9.10. மேசையில் பதினொரு கைக்கருவிகள், வீடு வீடாகப் போகும் நர்ஸுகள் வைத்திருக்கும் அதே மாடல். நான் எழுதிய மென்பொருளின் புதிய பதிப்பு பதினொன்றிலும் ஓடுகிறது. புண்ணைப் படமெடுத்தால் அளவை அதுவே சொல்லிவிடும். நர்ஸுகளின் கருவிகளுக்கெல்லாம் இன்றே அனுப்பியாயிற்று.

மார்ச் 9
அக்காவும் அந்த நர்ஸுகளில் ஒருத்தி. வந்ததும் வராததுமாகக் கருவியை என் தட்டுப் பக்கத்தில் வைத்தாள்.
"என்னடா பண்ணி வச்சிருக்கே? படம் எடுத்தா பேயறைஞ்ச மாதிரி நிக்குது."
"மெஷின் உழைச்சுத் தேஞ்சுபோச்சுக்கா. இதுக்கு மேல தாங்காது."
"அப்ப எதுக்குடா இதுல போட்டே?"
சாம்பார்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

மார்ச் 12
கருவி நின்ற நேரமெல்லாம் அக்கா தலையில் ஏறுகிறது. ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் என்று பதிவு செய்வதும் என் நிரல்தான்! 'மெதுவாக வேலை செய்கிறார்' என்று ஆஸ்பத்திரி எச்சரித்திருக்கிறது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

மார்ச் 13
மேலாளரிடம் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அடுத்த மாடல்'.
"நல்லதாப் போச்சு. புகார் வரட்டும், அப்பதான் ஆஸ்பத்திரியில புதுக் கருவி வாங்குவாங்க. பழசு தாங்காதுன்னு நீயே ஒரு அறிக்கை எழுதிக் குடு."
"புதுசு எப்ப சார் வரும்?"
"அடுத்த வருஷம்."
எழுதிக் கொடுத்தேன். நான் நம்புவதும் அதுதானே? கருவி வளராமல் மென்பொருள் எப்படி வளரும்?

மார்ச் 16
ஒரு கருவியைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினேன். மேசையில் நான்கு நொடியில் அளந்து முடித்த படம் பேருந்தில் பாதியில் நின்றுபோனது, மறுபடி முதலிலிருந்து. பேட்டரியில் ஓடினால் கருவி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. எங்கள் மேசையில் ஒன்றுகூடச் சார்ஜரை விட்டு இறங்கியதில்லை. செருகுவோம், மறந்துபோவோம். மடையன் — நான்தான்.

மார்ச் 17
"படத்தைக் கருவியில அளக்க வேணாம் சார். நம்ம ஆபீஸ் சர்வர்ல அளந்துக்கலாம். பழசே போதும்."
"அறிக்கையில யார் கையெழுத்து?"
"என்னோடது."
"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு."
புதுசு வேண்டாமென்றா சொல்கிறேன்? வரட்டும். அதையும் இரண்டே பதிப்பில் மூச்சுத் திணற வைப்போம், அவ்வளவுதான். அங்கே மேலாளர், இங்கே அக்கா. எங்கே போய் முட்டிக்கொள்ள?

மார்ச் 18
அக்கா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். திட்டினாலாவது பரவாயில்லை.

மார்ச் 20
அக்காவுக்கு இரண்டாவது எச்சரிக்கை. "திங்கக்கிழமை நேர்ல வரச் சொல்லியிருக்காங்க" என்றாள், சுவரைப் பார்த்து.
பதிப்பை அனுப்பும் அனுமதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. செய்ய வேண்டியவை:

1. அளக்கும் வேலையைக் கருவியிலிருந்து எடுப்பது. சார்ஜரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது.
2. அனுப்புவது. யாரையும் கேட்காமல்.
3. நின்ற நேரம் நர்ஸுகளுடையதல்ல, என் நிரலுடையது என்று பதிவுகளோடு ஆஸ்பத்திரிக்கு என் பெயரிலேயே எழுதுவது.
4. அடையாள அட்டையை நானே கழற்றி வைப்பது.
5. திங்கள் முடியும்வரை அக்காவிடம் மூச்சு விடாமலிருப்பது. "இருந்த வேலையை எதுக்குடா விட்டே?" என்று அதற்கும் திட்டுவாள். திட்டட்டும்.